முடிந்தது வேறு, முழுமையானது வேறு

மகனே,

வெள்ளிக்கிழமை காலை உன் புதிய பட்டறையிலிருந்து முதல் லாரி வெளியே போகிறது. அதன் சாவியை நான் என் கையால் உரிமையாளருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று உன் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். நீயே வந்து கேட்கவில்லை. மாடியில் நீ இருக்கிறாய், கீழே நான் இருக்கிறேன். நடுவில் அந்தப் பெண் ஏறியும் இறங்கியும் நம் இருவரின் சொற்களைச் சுமந்துகொண்டிருக்கிறாள். பதிலை எழுதித் தருகிறேன் என்றதும் அவள் சிரித்துவிட்டாள். "ஒரே ஊட்ல இருந்துக்கிட்டு லெட்டருங்களா மாமா? ஸ்டாம்பு ஒட்டோணுங்களா, சும்மாவே குடுக்கலாங்களா?" என்றாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் இப்போது சிரிக்க வைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிறந்த ஊரான இளம்பிள்ளையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல். மெதுவாகப் பேசினாலும் வீடு முழுவதும் கேட்கிறது.

பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாம் பேசத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்தில் நீ குரலை உயர்த்துகிறாய், மூன்றாவதில் நான் எழுந்து போய்விடுகிறேன். எழுத்தில் அப்படி எழுந்து போக முடியாது. இந்தக் கடிதத்தை மறைத்து வைக்க வேண்டியதில்லை. உன் மனைவி படிக்கலாம், உன் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் படிக்கலாம். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்பதால், எல்லாரும் படிப்பதில் எனக்குக் கூச்சமில்லை.

பொறியியல் படித்துவிட்டு ஓசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கையை மேலதிகாரி திருப்பி அனுப்பினார். வேலை 'ஃபினிஷ்' ஆனது என்று எழுதியிருந்தேன். 'ஃபினிஷ் ஆனது என்பது சரி, கம்ப்ளீட் ஆனதா?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டுக்கும் தமிழில் 'முடிந்தது' என்றுதானே சொல்கிறோம் என்று நினைத்தேன். பிறகு அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் பல இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பாடத்தை ஃபினிஷ் செய்தேன் என்றாலும் கம்ப்ளீட் செய்தேன் என்றாலும் பொருள் விளங்கிவிடும். ஆனால் இரண்டும் வெவ்வேறு பக்கம் பார்க்கின்றன. ஃபினிஷ் என்பது வேலை செய்கிறவனைப் பார்க்கிறது: அவன் கையை எடுத்துவிட்டான், இனி செய்வதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் மேல்பூச்சுக்கும் மெருகுக்கும் அந்தச் சொல்லே பெயராகிவிட்டது. கடைசியாகக் கை படுவது அங்கேதான். கம்ப்ளீட் என்பது செய்யப்பட்ட பொருளைப் பார்க்கிறது: அதில் இருக்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை. ஒரு வேலை முழுமையடையாமலே முடிந்துபோகலாம். களைத்துப்போய் நிறுத்தினாலும் முடிந்ததுதான், நேரம் தீர்ந்து நிறுத்தினாலும் முடிந்ததுதான். முழுமை அப்படித் தானாக வராது. ஒருவர் குனிந்து பார்த்து, குறையில்லை என்று உறுதி செய்தால்தான் வரும்.

இதை நீ அறியாதவன் அல்ல. சேலம் அஸ்தம்பட்டியில் நாம் வாடகைக்குக் குடியிருந்த காலத்தில், பள்ளி ஆங்கில நோட்டில் நீ சோற்றைக் 'கம்ப்ளீட்' செய்துவிட்டுத் தூங்கினேன் என்று எழுதியிருந்தாய், ஆசிரியை அதைச் சிவப்பு மையால் சுழித்திருந்தார். சாப்பாட்டை ஃபினிஷ் செய்யலாம், கம்ப்ளீட் செய்ய முடியாது என்று நான் சொன்னபோது நீ ஏற்கவில்லை. தட்டில் ஒரு பருக்கை இல்லாமல் சாப்பிட்டேனே என்று வாதாடினாய். அந்த வருடம் நீ கிரிக்கெட் வீரர்களின் படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு படம் மட்டும் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கவில்லை. சலித்துப்போய் ஆல்பத்தை அலமாரியில் தூக்கிப் போட்டாய். திடீரென்று எழுந்து வந்து, "அப்பா, நான் சேக்கறத நிறுத்திட்டேன். அப்பிடீன்னா ஃபினிஷ். ஆனா ஒண்ணு இல்ல, அதனால கம்ப்ளீட் இல்ல. சரிங்களா?" என்று கேட்டாய். சரி என்றேன். நான் மாலையில் பாதி நேரம் செலவழித்து விளக்கியும் புரியாததை நீயே ஒரு வாக்கியத்தில் கண்டுபிடித்துவிட்டாய். அன்று இரவு உன் அம்மாவிடம் நான் பெருமையடித்துக்கொண்டதை அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

நாமக்கல்லுக்கு வந்து லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையைத் தொடங்கியபோது, அந்த இரண்டு சொற்களையே அதன் விதியாக வைத்தேன். எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள சேசிஸ் வருகிறது, அதன் மேல் சட்டம் ஏறுகிறது, தளம், பக்கவாட்டுகள், பின்கதவு எல்லாம் அமைகின்றன. அதன் பிறகு வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்து, பாடியைச் சேசிஸோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் சட்டத்தின் மேல் சாக்பீஸால் ஒரு வட்டம். அந்த வட்டம்தான் கம்ப்ளீட். வட்டம் விழாத வண்டிக்குப் பெயிண்டர் டப்பாவைத் திறக்கக் கூடாது. பெயிண்ட் அடித்துவிட்டால் குறை தெரியாது என்பதால்தான் அந்த விதி. மற்றப் பட்டறைகளில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். "நாமக்கல்லுல லாரிக்கு ஜாதகம் பாக்கற பட்டறை அது ஒண்ணுதானுங்க" என்று ஒருவர் டீக்கடையில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

உன் கல்யாணம் முடிந்த மாதம், என் முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால், இனி வட்டத்தை நீ போடு என்றேன். வேறு எதையும் நான் உனக்கு அப்படிக் கொடுத்ததில்லை. வங்கிக் கணக்கையும் வாடிக்கையாளர்களையும் நீ தானாகவே பார்க்கத் தொடங்கியிருந்தாய். நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான். சாக்பீஸை மட்டும் நானே எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தேன். உன் முதல் வட்டம் பெரியசாமியின் லாரியில் விழுந்தது.

பெரியசாமி யார் என்பதை உன் ஆட்களுக்காக எழுதுகிறேன். வாழ்நாளில் பாதியை அடுத்தவர் வண்டி ஓட்டிக் கழித்தவர். முதன்முறையாகச் சொந்த வண்டி வாங்கி, அதற்குப் பாடி கட்ட நம்மிடம் வந்தார். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம் குறித்துவிட்டுத்தான் சேசிஸையே கொண்டுவந்து நிறுத்தினார். நம் பக்கத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்; நாளை முதலில் குறித்துவிட்டு வேலையைப் பிறகு தொடங்குகிறார்கள். பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறிவிட்டால், அந்த வண்டி முதல் லோடை இறக்காமல் பட்டறைக்குத் திரும்பக் கூடாது என்பதும் நம்மவர்களின் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வண்டி வாங்குகிறவருக்கு இருக்கிறது. அதனால் பூஜைக்குப் பிறகு எதையும் திருத்த வழியில்லை என்று கணக்கில் வைத்தே வேலை செய்ய வேண்டும். இதை நீ என்னைவிட நன்றாக அறிவாய்.

அந்தக் காலைப் பொழுதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பெரியசாமியின் அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லாரி நீலமும் மஞ்சளுமாக மின்னியது. இதுவரை நம் பட்டறையிலிருந்து அவ்வளவு அழகாக எதுவும் வெளியே போனதில்லை. தட்டில் வெற்றிலை, பழம், நடுவில் சாவி. தட்டைக் கையில் வாங்கும்போது நான் உன்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"கம்ப்ளீட்டா?"

"கம்ப்ளீட்டுங்கப்பா. குடுங்க, நேரமாவுது."

நான் சாவியைக் கொடுத்தேன். பெரியசாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாரிமுத்து மேஸ்திரி, பெயிண்டர், வெல்டிங் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவர்கள் ஏன் கைதட்டவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை பார்சல் வண்டியில் ஒரு சாக்கு மூட்டை வந்து இறங்கியது. அவிழ்த்துப் பார்த்தேன், புது யு போல்ட்டுகள். இப்போது பட்டறையில் இந்த அளவுக்கு எந்த வண்டியும் இல்லையே என்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"இது எந்த வண்டிக்கு மாரிமுத்து?"

"பெரியசாமி வண்டிக்குங்க. நடுவால போட வேண்டியதுங்க." சொன்னவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "ஏனுங்க, தம்பி உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

நீ சொல்லவில்லை. முன்னாலும் பின்னாலும் மட்டும் மாட்டி, நடுவில் ஒன்றும் இல்லாமல், வட்டம் போட்டு, அதன் மேல் பெயிண்டும் அடித்து, அந்த வண்டியை என் கையால் அனுப்பி வைத்திருந்தாய். நான் அலுவலக அறைக்கு வந்து உன்னிடம் கேட்டேன். நீ கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாய்.

"பார்சல் லேட்டாயிருச்சுங்கப்பா. முதல் டிரிப் போய்ட்டு வந்தான்னா மாட்டீர்லாம். எல்லாப் பட்டறையிலயும் நடக்கறதுதான்."

"லோடு ஏத்தியிருந்தா?"

"ஒரு டிரிப்புல ஒண்ணும் ஆவாதுங்க. வண்டி ஃபினிஷ் ஆயி டெலிவரியும் ஆயிருச்சு, இன்னும் அதையே புடிச்சுக்கிட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாய். "சொன்னா முகூர்த்தத்த நிறுத்தீருப்பீங்க" என்றாய்.

ஆம், நிறுத்தியிருப்பேன். பெரியசாமியின் அம்மாவிடம் நானே போய்க் கைகூப்பி நின்றிருப்பேன். அவர்கள் திட்டியிருப்பார்கள், வேறொரு நாள் குறித்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய். இவை எல்லாம் தாங்கக்கூடியவை.

பெரியசாமியைத் தொலைபேசியில் பிடித்தேன். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டுவிட்டார். புதுச்சத்திரத்தில் வண்டியை ஓரம்கட்டி நிற்கச் சொல்லிவிட்டு, மேஸ்திரியையும் சாக்கு மூட்டையையும் காரில் ஏற்றினேன். உன்னையும் கூப்பிட்டேன். பெயிண்ட் கடைக்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாய். அவர் அன்று வரவில்லை என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். அதை ஏன் விசாரித்தேன் என்று கேட்காதே. உன் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்க்கும் நோய் எனக்கு அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில், லோடு வண்டிக்கு அடியில், மேஸ்திரிக்குப் பக்கத்தில் நானும் படுத்தேன். பாடி ஒரு விரலளவு நகர்ந்திருந்தது. உரசிய இடத்தில் நீலப் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. மதுரை வரை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஊகித்து எழுதமாட்டேன். எனக்குத் தெரியாததை நான் எழுதுவதில்லை. பெரியசாமி குந்தி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வேடிக்கையாகத்தான் பேசினார்.

"பூசணிக்காய ரண்டா ஒடச்சிருக்கோணுமாட்ட இருக்குதுங்க."

நான் ஜாக்கியை நேராகப் பிடித்தேன். மேஸ்திரி அதை ஏற்றினார். பிறகு பெரியசாமியின் குரல் மாறியது.

"ஏனுங்க இன்ஜினியரு, வேற எவன் பட்டறையா இருந்தாலும் நானே அடியில பூந்து ஒருக்காப் பாத்திருப்பனுங்க. இத்தன வருசம் வண்டி ஓட்டறேன், எனக்குத் தெரியாதுங்களா? நீங்க கையில சாவியக் குடுத்தீங்க. அதனாலதான் குனியல."

"தெரியுமுங்க" என்றேன்.

"யாருங்க இத இப்பிடியே உட்டது?"

மேஸ்திரி கையிலிருந்த ஸ்பானரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பட்டறை என்னுதுங்க" என்று மட்டும் சொன்னேன். நாங்கள் போல்ட்டுகளை இறுக்கி முடித்ததும், பெரியசாமி நான் படுத்திருந்த இடத்துக்கு நேராக வந்து, தானே அடியில் புகுந்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். நான் வெளியே நின்று காத்திருந்தேன். என் வேலையை என் முன்னாலேயே இன்னொருவர் சரிபார்ப்பது தொழிலில் எனக்குப் புதிதல்ல; ஓசூரில் தினமும் நடந்தது. அது விதி. இங்கே நடந்தது விதி அல்ல. அவர் என்னை நம்பவில்லை. அவர் செய்தது சரி.

இது நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. பெரியசாமி அதன் பிறகு நம் பட்டறைக்கு வரவில்லை. எங்காவது எதிரே பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்கிறார். தவறு என்னுடையது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ ஒரு நாள் போய் அவரிடம் உண்மையைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல் என்று நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற உண்மையால் எனக்குப் பயனில்லை. நீ போகவில்லை. மாறாக, தனிப் பட்டறை போடப்போவதாக அறிவித்தாய். அதையும் உன் மாமனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உன் பக்கத்து நியாயத்தையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. பார்சல் தாமதமானது உன் குற்றமல்ல. முகூர்த்தத்தை மாற்றச் சொல்லி ஒரு குடும்பத்தின் முன் நிற்பது இளைஞனுக்கு எளிதல்ல. அப்பாவின் விதிகளுக்குக் கீழே வேலை செய்வதும் எளிதல்ல. நான் கடுமையானவன் என்று உன் அம்மா சொல்கிறாள், அவள் பொய் சொல்கிற பழக்கம் உள்ளவள் அல்ல. இவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். போல்ட் இல்லாமல் வண்டி போனதைக்கூட என்னால் மறக்க முடியும், இரும்பு சார்ந்த தவறு அது. என்னால் கடக்க முடியாதது, தட்டோடு நான் நின்ற அந்த நிமிடம். பட்டறையில் அத்தனை பேருக்கும் தெரியும். பெயிண்டருக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றும் அறியாதவனாக நான் சிரித்த முகத்தோடு சாவியை நீட்டினேன். அந்த லாரிக்கு நீ அடித்த கடைசிப் பூச்சு பெயிண்ட் அல்ல. என் முகம்தான்.

அன்று நீ ஃபினிஷ் என்று சொல்லியிருந்தால்கூட நான் மறுகேள்வி கேட்டிருப்பேன். நான் கேட்ட சொல்லையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். அதன் பொருளை அறியாமல் கொடுத்திருந்தால் திருத்தியிருக்கலாம். அறிந்தவனைத் திருத்த என்னிடம் பாடம் இல்லை.

அண்மையில் உன் மனைவி என்னிடம் வந்து, "அது முடிஞ்சு போன விசயமுன்னு அவரு சொல்றாருங்க மாமா. நீங்கதான் முடிக்க மாட்டேங்கறீங்களாமா" என்றாள். நீ சொல்வது உண்மை. நாம் சண்டையை நிறுத்திவிட்டோம். ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், உப்பைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறோம். அந்த அளவில் அது முடிந்துதான் போயிற்று. ஆனால் அதில் இருக்க வேண்டிய ஒன்று இன்னும் இல்லை. அது என்னவென்று உனக்கே தெரியும். உன் குடும்ப வாழ்க்கைக்காக ஒன்று சொல்கிறேன், தந்தை சொல்வதாக வேண்டாம், உனக்கு முன்னால் கல்யாணம் ஆனவன் சொல்வதாக எடுத்துக்கொள். அந்தப் பெண்ணிடம் எந்தப் பேச்சையும் 'முடிந்தது' என்று சொல்லி மூடாதே. அவள் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அவள் சிரிப்பை வைத்து, எதுவும் குறையவில்லை என்று நீ நினைத்துக்கொள்வாய்.

இனி நீ கேட்டதற்குப் பதில். வெள்ளிக்கிழமை நான் அந்தச் சாவியைக் கொடுக்க மாட்டேன். உன் பட்டறை செழிக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். இதில் வேறு அர்த்தம் தேடாதே. என் கையைப் பார்த்து இன்னொருவர் குனியாமல் வண்டியில் ஏறிவிடக் கூடாது. உன் சொல்லை நம்பி அந்தத் தட்டைத் தூக்க இப்போது என்னால் முடியவில்லை. ஊர் கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லிவிடு என்று உன் அம்மா யோசனை சொன்னாள். வேண்டாம். கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய்.

ஆனால் புதன்கிழமை பெயிண்டர் வருகிறார் என்று உன் மனைவி சொன்னாள். இன்று திங்கள். வண்டி இப்போது வெறும் இரும்பும் பலகையுமாக நின்றுகொண்டிருக்கும். பெயிண்ட் அடித்த பிறகு யார் வந்து அழைத்தாலும் நான் வரமாட்டேன். அதற்கு முன் அழைத்தால் வருவேன். ஆளிடம் சொல்லி அனுப்பாமல், நீயே மாடியிலிருந்து இறங்கி வந்து அழைக்க வேண்டும். என்னால் மெதுவாகத்தான் படுக்க முடியும், எழுந்திருக்க உன் கை வேண்டியிருக்கும். டார்ச்சை நான் பிடித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு போல்ட்டையும் நீ தொட்டு, இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். ஏதாவது ஒன்று இல்லையென்றால், இல்லை என்று சொல். அந்த ஒரு சொல்லை உன் வாயால் கேட்கத்தான் இத்தனை மாதமாகக் காத்திருக்கிறேன்.

அப்பா